கேரலுக்குக் கிளம்பும் முன்: வாலிபர் ஐக்கியத்தில் டிசம்பர்தோறும் கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியச் செயலராக ஆறு ஆண்டுகள் இருந்தேன். பொறுப்பை ஒப்படைத்துவிட்ட பிறகும், நவம்பர் பிறந்தால் அலைபேசி ஓய்வதில்லை. புதிதாகப் பொறுப்பேற்ற தம்பி தங்கைகள், பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலிருந்து எங்களை அழைக்கும் சிறிய சபையின் பெரியவர்கள் என எல்லாரும், கிறிஸ்துமஸை ஒட்டி இரவில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரலைப் பற்றி, ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கொரு முறை சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கத்தோலிக்கப் பங்குகளில் சில பெயர்களும் முறைகளும் மாறும். கால்வலி மாறாது.

வேலையை எப்போது தொடங்க வேண்டும்?

நவம்பர் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அதையும் சேர்த்து நான்கு ஞாயிறுகள் இருக்கின்றனவே என்று தோன்றும். ஆனால் டிசம்பரில்தான் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு. தேர்வு முடிந்து பிள்ளைகள் மூச்சு விடுவதற்குள் கிறிஸ்துமஸ் வாசலுக்கு வந்துவிடும். டிசம்பரில் வார நாட்களில் ஒத்திகை வைத்தால் கீபோர்டு வாசிப்பவரும் நீங்களும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஆகவே பாட்டுகளை நவம்பரிலேயே முடித்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை எந்தப் பொறுப்பிலும் போடாதீர்கள். அவர்கள் வந்தால் பாடட்டும், வராவிட்டால் ஏன் என்று கேட்க வேண்டாம்.

எத்தனை இரவு சுற்ற வேண்டும்?

மனக்கணக்குப் போதும். ஒரு வீட்டில் பத்து நிமிடம், அடுத்த வீட்டுக்குப் போக ஐந்து நிமிடம். மாலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்துக்கு முடித்தால் மூன்றரை மணி நேரம். அதற்குள் 14 வீடு. 150 குடும்பங்கள் உள்ள சபைக்குப் பதினோரு இரவு வேண்டும். இது காகிதக் கணக்கு. உண்மையில் மூன்றாவது வீட்டிலேயே யாராவது கேசரி கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள்.

பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சூரமங்கலமும் ஜாகீர் அம்மாபாளையமும் ஓரிரவு. அஸ்தம்பட்டி, மரவனேரி ஓரிரவு. அம்மாப்பேட்டைப் பக்கம் ஓரிரவு. குகை, கொண்டலாம்பட்டி ஓரிரவு. ஒரே இரவில் ஊரின் இரு முனைகளையும் தொடலாம் என்று வேன் ஓட்டுநர் சொன்னால் நம்ப வேண்டாம். அவருக்கு டீசல் கணக்கு வேறு.

ஒவ்வோர் இரவும் முதலில் போக வேண்டியது முதியவர்கள், நோயாளிகள், கைக்குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு. இரவு உணவு தருவதாகச் சொன்ன வீடு கடைசியில். இந்த வரிசையை மாற்றிய ஆண்டுகளில் எண்பது வயதுப் பாட்டியைப் பதினொரு மணிக்கு எழுப்பி, வயிறு நிறைந்த பையன்களைக் கொண்டு பாட வைத்திருக்கிறோம். இருவருக்குமே அது தண்டனை.

இரண்டு குழுவாகப் பிரிந்து போனால் பாதி நாளில் முடிந்துவிடுமே?

முடிந்துவிடும். நாங்களும் ஓர் ஆண்டு செய்து பார்த்தோம். சபைப் போதகரான ஆயர் ஒரு குழுவோடுதான் வர முடியும். நல்ல குரல்களும் தாமாகவே ஆயர் இருக்கும் வேனில் ஏறிக்கொண்டன. இரண்டாவது குழு போன வீடுகளில், “எங்களுக்கு இவ்வளவுதானா?” என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு பட்டியல் போடும்போது, “இந்த முறை ஐயா வருவாரா?” என்று பதினேழு வீடுகளில் கேட்டார்கள். சபை பெரியதாக இருந்தால் இரவுகளைக் கூட்டுங்கள். குழுவை உடைக்க வேண்டாம்.

பத்து மணிக்கு மேல் போகலாமா? ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளலாமா?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக் காலங்களில் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் போகாமல், அரசு அறிவித்தால் மட்டும். நம் விருப்பத்துக்கு இல்லை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. குடியிருப்புப் பகுதியில் இரவு நேர அளவு 45 டெசிபல். ஒரு டிரம்மை மெதுவாகத் தட்டினாலே அதைத் தாண்டிவிடும். வேனில் ஒலிபெருக்கிப் பெட்டி கட்டிக்கொண்டு போவதானால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் ஒலிபெருக்கியே வேண்டாம். ஒரு கிதார், ஒரு டிரம், இருபது தொண்டைகள் போதும். வீட்டு முன்னறையில் பாடுவதற்கு மைக் எதற்கு? பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்க வேண்டும் என்று ஒருவர் வாதாடினார். பக்கத்து வீட்டுக்காரருக்கு விடிந்தால் தேர்வு என்றேன்.

துக்கம் நடந்த வீட்டுக்கு கேரல் போகலாமா?

எனக்கு வரும் கேள்விகளில் முக்கியமானது இதுதான். கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்.

நான் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டு, அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் அக்டோபரில் குடும்பத் தலைவர் இறந்துபோனார். சபைப் பாடகர் குழுவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பேஸ் என்னும் கீழ்க்குரல் பாடியவர். பட்டியல் போடும்போது அந்தப் பெயரின் மேல் நானே கோடு போட்டேன். இந்த ஆண்டு அவர்களுக்குப் பண்டிகை இல்லை, போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இன்னொரு குடும்பம். அங்கே பாடிவிட்டு, டிரம்மை அடிக்காமல் கையில் பிடித்தபடி தெருவில் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டு வாசல் விளக்கு எரிந்தது. அம்மா கேட்டைப் பிடித்தபடி நின்றார்கள்.

“எங்கள் வீட்டை மறந்துவிட்டீர்களா, தம்பி?”

என்ன சொல்வது என்று தெரியாமல் செருப்பைக் கழற்றினேன். உள்ளே ஜமுக்காளம் விரித்திருந்தது. சமையலறை மேடையில் எவர்சில்வர் தம்ளர்கள், தூசி படாமல் கவிழ்த்து, ஐந்தைந்தாக வரிசை. நட்சத்திரம் கட்டவில்லை, பலகாரம் செய்யவில்லை. ஆனால் இருபத்தைந்து தம்ளர் கழுவிக் காத்திருந்தார்கள். எங்கள் சத்தம் தெருவுக்குள் நுழைந்ததிலிருந்து, தங்கள் முறைக்காக.

அவருடைய பாமாலைப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஓரங்களில் பென்சில் குறிகள்: இங்கே மூச்சு, இங்கே மெதுவாக. அந்தக் குறிகளைப் பார்த்தபடியே ஒரு பாட்டுப் பாடினோம். டிரம் இல்லை. பேஸ் பாடும் பையன் நடுவில் நிறுத்திவிட்டான். அம்மா நிறுத்தவில்லை. ஆயர் ஜெபித்தார், சுக்குக் காபி குடித்தோம், வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு எங்களிடம் ஒரே விதி: எந்த வீட்டின் பெயரையும் பட்டியலிலிருந்து நாம் அடிக்கக் கூடாது. வேண்டாம் என்பதை அந்த வீட்டார்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் முன்பே, அந்தக் குடும்பத்தோடு பழக்கமுள்ள ஒருவர் நேரில் போய்க் கேட்க வேண்டும். அலைபேசியில் கேட்கக் கூடாது. வரலாம் என்றால் டிரம், கிறிஸ்துமஸ் தாத்தா, பலூன் எதுவும் இல்லாமல் போக வேண்டும். ஒரு பாட்டு, ஒரு ஜெபம். காணிக்கைக் கவரை நீட்டவே கூடாது. அவர்களாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

கிறிஸ்துமஸ் தாத்தா வேண்டுமா? எங்கள் சபையில் ஆண்டுதோறும் இதற்குச் சண்டை.

எல்லாச் சபையிலும் உண்டு. தாத்தாவுக்கு மூலம் புனித நிக்கோலாஸ்; நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரத்தின் பிஷப். அவருடைய நாள் டிசம்பர் 6. அவருக்கும் சிவப்பு அங்கிக்கும் இடையில் நெடுந்தூரம் என்பது மூத்தவர்கள் வாதம். பிள்ளைகள் கேட்கிறார்களே என்பது இளையவர்கள் வாதம். நான் இளையவர்கள் பக்கம்.

சண்டை போட வேண்டியது முகமூடியைப் பற்றித்தான். கடையில் விற்கும் அந்த ரப்பர் முகமூடியைப் போட்டவனுக்கு மூச்சு முட்டும், பார்க்கும் குழந்தைக்குத் தூக்கம் போகும். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அலறிய அலறலில் அந்த வீட்டில் பாட்டே பாடாமல் திரும்பியிருக்கிறோம். பஞ்சுத் தாடி மட்டும் போதும். கண்ணும் மூக்கும் தெரியட்டும். வாசலில் நின்று பிள்ளை பெயரைக் கேட்டுக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி உள்ளே போகச் சொல்லுங்கள். தாத்தா ஆகும் பையன் ஒல்லியாக இருந்தால் தலையணை கட்டுவார்கள். பதினான்கு வீடு ஏறி இறங்கும்போது அந்தத் தலையணை முழங்காலுக்கு வந்துவிடும். இரண்டு ஊக்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிற சமயத்து அண்டை வீட்டார் கூப்பிட்டால் போகலாமா?

கூப்பிட்டால் மகிழ்ச்சியாகப் போகலாம். கூப்பிடாமல் போகக் கூடாது. போன இடத்தில் ஒரு பாட்டு, ஒரு வாழ்த்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வருவது. துண்டறிக்கை கொடுப்பது, நீண்ட ஜெபம் செய்வது, காணிக்கைக் கவரை நீட்டுவது மூன்றும் வேண்டாம். தீபாவளிக்கு நம் வீட்டுக்கு அதிரசம் வந்திருக்கும்; கிறிஸ்துமஸுக்கு நாம் கேக் கொடுத்து அனுப்புவோம். அந்தக் கணக்கில் இதுவும் ஒன்று. பழைய சூரமங்கலத்தில் ஒரு பாட்டி, நெற்றி நிறைய விபூதியோடு, ஒவ்வோர் ஆண்டும் மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருப்பார். போன ஆண்டு பாடிய அதே பாட்டைத்தான் கேட்பார். புதுப் பாட்டு ஏதாவது பாடினால், “இது சரியில்லை” என்பார். சரியாகத்தான் சொல்வார்.

பெண் பிள்ளைகளை இரவில் அனுப்பத் தயக்கமாக இருக்கிறது.

தயங்குவது நியாயம். கேட்டுத் தெளிவு பெற்ற பிறகு அனுப்புங்கள். நாங்கள் கடைப்பிடிப்பது இவை. பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு அம்மாக்கள் எல்லா இரவும் வேனில் இருப்பார்கள். யார் ஏறினார், யார் இறங்கினார் என்று ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. ஆலயத்தில் இறக்கிவிட்டு, இனி அவரவர் பாடு என்பது கிடையாது. ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டு வாசலில் இறக்கி, உள்ளே விளக்கு எரிந்து, கதவு மூடிய பிறகுதான் வண்டி நகரும். பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்று எந்த அண்ணன் சொன்னாலும் அனுமதி இல்லை. இந்த ஏற்பாடு இல்லாத குழுவானால் பிள்ளையை அனுப்பாதீர்கள்; செயலர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஆண் பிள்ளைகளுக்கும் இதே விதிதான், யாரும் கேட்பதில்லை.

ஏற்காட்டுக்கு கேரல் போவது எப்படி? என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரத்தைத் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் முறை வரும் பிள்ளைகள் வளைவுகளை உரக்க எண்ணத் தொடங்குவார்கள். பத்தாவதில் குரல்கள் குறையும். பதினைந்தில் ஒருவன் ஜன்னலோரம் இடம் கேட்பான். மதியம் பிரியாணி போட்டு ஏற்றிச் சென்றது எங்கள் முதல் ஆண்டுப் பிழை. தயிர்சாதம், கையில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம், போதிய அளவு பிளாஸ்டிக் பை. வளைவுகளில் வண்டியை நிறுத்தித் தின்பண்டத்தைப் பிரித்தால் குரங்குகள் பங்குக்கு வந்துவிடும்; ஒரு முறை காணிக்கைப் பையையே தூக்கிக்கொண்டு போய், அதில் தின்பதற்கு ஒன்றுமில்லை என்று கண்டு, மரத்தின் மேலிருந்து கவர்களை ஒவ்வொன்றாக எறிந்தது ஒன்று.

மலையில் முக்கியம் நேரம். டிசம்பர் காப்பிப் பழம் பறிக்கும் காலம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட செடி. இன்றும் மலையின் டிசம்பரை அதுதான் நடத்துகிறது. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் காலையில் செடிக்குப் போனால், பழத்தை மூட்டை கட்டி எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மாலை ஐந்தரை ஆகும். அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு, எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவார்கள். நாம் சேலத்து வழக்கப்படி ஆறரைக்குக் கிளம்பி ஒன்பதுக்கு டிரம் தட்டிக்கொண்டு தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் நுழைந்தால், அது வாழ்த்துச் சொல்வதாகாது. சேலத்தில் மதியம் இரண்டரைக்கு வண்டியை எடுங்கள். ஆறு மணிக்கு முதல் வீடு, எட்டுக்குக் கடைசி வீடு. தோட்டத்துக்குள் போக மேலாளரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். மலைச் சபையின் பெரியவர் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருட்டில் எல்லாப் பாதையும் ஒன்றுபோலவே இருக்கும்.

இரவில் வெப்பநிலை 12, 13 டிகிரி வரை இறங்கும். சேலத்துப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் என்றால் பீரோவின் அடியில் கிடக்கும் பொருள். முந்தின நாளே எடுத்து வெயிலில் போடச் சொல்லுங்கள். மேலே போனதும் கிதார் சுருதி மாறியிருக்கும். முதல் வீட்டு வாசலில் நின்று அதைச் சரிசெய்துகொண்டிருக்காமல், வண்டியை விட்டு இறங்கியதும் பாருங்கள்.

இறங்கும்போது மூடுபனி இருந்தால் அவசரம் கூடாது. முகப்பு விளக்கைக் கூட்டி வைத்தால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். தாழ்த்தி வைத்தால்தான் சாலையின் வெள்ளைக்கோடு தெரியும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். மலையில் ஓட்டிப் பழகிய ஓட்டுநர் கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு மலைப் பயணமே வேண்டாம். பனி அதிகமாக இருந்தால் மலைச் சபையின் மண்டபத்திலேயே படுத்துவிட்டு விடிந்து இறங்குங்கள். அதற்காகப் பெற்றோரிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது. அப்படி ஓரிரவு தங்கிய பிள்ளைகள் இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறார்கள். மேடை நிகழ்ச்சி எதுவும் அவர்கள் நினைவில் இல்லை.

எந்தப் பாட்டுகளை எடுப்பது?

நான்கு பாட்டு: இரண்டு எல்லாருக்கும் தெரிந்தவை, ஒன்று கீர்த்தனை, ஒன்று புதியது. தெரிந்த பாட்டை வீட்டுக்காரரும் சேர்ந்து பாடுவார்கள், அதற்காகத்தானே போகிறோம். கீர்த்தனை பாட்டி தாத்தாக்களுக்கு. புதியது பாடுகிறவர்களுக்கே, இல்லாவிட்டால் ஏழாம் நாள் அலுத்துவிடும். சுருதியை அரைக்கட்டை குறைத்து வையுங்கள். நவம்பரில் வசதியாக எட்டும் மேல் ஸ்வரம் டிசம்பர் 20இல் யாருக்கும் எட்டாது.

ஒன்பது வாசகங்கள் கொண்ட கீத ஆராதனை எங்கிருந்து வந்தது? அப்படியே செய்ய வேண்டுமா?

1880இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில், பேராலயம் கட்டி முடியாத நிலையில், தற்காலிகமாக எழுப்பிய மர ஆலயத்தில் தொடங்கியது. 1918இல், முதல் உலகப்போர் முடிந்த கையோடு, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி எடுத்துக்கொண்டது. அங்கிருந்து உலகம் முழுதும் பரவி நம் ஊருக்கும் வந்தது. ஆதாமின் வீழ்ச்சியில் தொடங்கி, தீர்க்கதரிசனங்கள் வழியாகப் பெத்லகேமுக்கு வந்து, யோவானின் முதல் அதிகாரத்தில் முடிவது வழக்கம்.

எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். வாசிப்பவர்களை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மரபுப்படி சிறு பிள்ளையில் தொடங்கிப் பெரியவர்களில் முடியும். எங்கள் சபையில் ஒரு முறை ஆலயம் பெருக்கும் அக்காவை ஐந்தாம் வாசகம் வாசிக்கச் சொன்னோம். மூன்று வாரம் வீட்டில் பயிற்சி எடுத்து வந்து, ஒரு சொல் பிசகாமல் வாசித்தார். அதற்கு முன்னும் பின்னும் வாசித்த இரு கமிட்டி உறுப்பினர்களும் தடுமாறினார்கள்.

நாடகம் போட வேண்டுமா?

போடலாம். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எழுதும் முன் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தையும் லூக்கா இரண்டாம் அதிகாரத்தையும் ஒரு முறை வாசித்துவிடுங்கள். நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பாதி அங்கே இல்லை. குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மத்தேயுவில் கிடையாது. காணிக்கை மூன்று என்பதால் ஆட்களையும் மூன்றாக்கிவிட்டோம். அவர்கள் வந்து சேர்ந்தது ஒரு வீட்டுக்கு, தொழுவத்துக்கு அன்று. லூக்காவில் சத்திரத்தில் இடமில்லை என்ற செய்தி இருக்கிறது. சத்திரக்காரர் ஒருவர் கதவைத் திறந்து பேசுவதில்லை. கழுதையும் இல்லை. இதனால் நாடகம் கெட்டுவிடாது. மாறாக, ஆட்கள் அதிகம் வந்தால் ஏழு சாஸ்திரிகளை வைக்கலாம், யாரும் குறை சொல்ல முடியாது.

ஏரோதுக்கு நன்றாக நடிப்பவரைப் போடுங்கள். மரியாளுக்கு அதிகம் பேசாதவரை.

குடில், நட்சத்திரம்?

1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் அசிசியின் பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்துக் குடில் அமைத்ததிலிருந்து இந்த வழக்கம் பெருகியது. கத்தோலிக்க நண்பர்கள் இதில் நம்மை விடக் கைதேர்ந்தவர்கள். நாலு ரோடு பக்கம் குழந்தை இயேசு பேராலயத்துக்குப் பிள்ளைகளை ஒரு மாலை கூட்டிப்போய்க் காட்டுங்கள். குடில் போட்டி வைப்பதானால் பரிசு வேண்டாம். பரிசு வைத்த ஆண்டு, யார் வீட்டு வைக்கோல் என்பது வரை பேச்சு போய்விட்டது.

நட்சத்திரத்தை ஒரு முறையாவது கையால் செய்யுங்கள். மூங்கில் சிலாகை, கண்ணாடிக் காகிதம், மைதாப் பசை. மழைக்கு முன் மொட்டைமாடியில் கட்டாதீர்கள்.

சிற்றுண்டிக்கு என்ன தரலாம்?

சேலத்துக்காரர்களாகிய நாம் உடனே தட்டுவடை செட் என்போம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே காரட், பீட்ரூட் துருவல், இரண்டு சட்னி. சுவைக்குக் குறையில்லை. ஆனால் வெள்ளைச் சட்டை போட்ட இருபது பேர் வேனில் உட்கார்ந்து அதைக் கடித்தால், அடுத்த வீட்டுக்குள் பீட்ரூட் கறையோடு நுழைவார்கள். கேரல் இரவுகளில் அவித்த கடலை, சுக்குக் காபி. தட்டுவடை செட்டைக் கடைசி இரவுக்கு வையுங்கள். நம் ஊர் ஜவ்வரிசியில் பாயசம் காய்ச்சினால் செலவும் குறைவு, தொண்டைக்கும் இதம்.

கேரல் காணிக்கையை எப்படிக் கையாள்வது?

கவரை வீட்டில் பிரிக்கக் கூடாது, வேனில் பிரிக்கக் கூடாது. அன்றிரவே ஆலய அலுவலகத்தில், செயலர், பொருளாளர், ஐக்கியத்தில் இல்லாத ஒரு பெரியவர் என மூவர் இருந்து எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எந்த வீடு எவ்வளவு கொடுத்தது என்று ஆலயத்தில் வாசிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்தக் கேளுங்கள். குறைவாகக் கொடுக்க நேர்ந்த வீட்டுக்காரர் அடுத்த ஆண்டு விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருப்பார். அப்படி இருந்த ஒரு வீடு எனக்குத் தெரியும்.

பணம் எதற்கு என்பதைச் சுற்றத் தொடங்கும் முன்பே சபையில் அறிவியுங்கள். நாங்கள் மலையில் கம்பளி கொடுக்கச் செலவிடுவோம். அதை டிசம்பர் முதல் வாரத்திலேயே, ஐக்கியத்தின் கையிருப்பிலிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, கேரல் காணிக்கை வந்ததும் ஈடுசெய்துகொள்கிறோம். 24ஆம் தேதி வரை காத்திருந்து மேடையில் ஏற்றிக் கொடுத்தால், அதற்குள் மூன்று வாரக் குளிரை அவர்கள் கம்பளி இல்லாமல் கழித்திருப்பார்கள். வாங்குபவரைப் புகைப்படம் எடுக்க வேண்டாம். கணக்குக்குப் படம் வேண்டும் என்று கேட்டால், கம்பளிக் கட்டைப் படம் எடுங்கள், அது கூச்சப்படாது.

24ஆம் தேதி இரவும் 25 அதிகாலையும் வாலிபருக்கு என்ன வேலை?

நாற்காலி போடுவது, வண்டி நிறுத்த வழிகாட்டுவது, முதியவர்களைக் கைபிடித்து ஏற்றுவது, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது. பட்டாசு வெடிப்பதானால் உச்ச நீதிமன்றம் 2018இல் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் விதித்த நேரம் இரவு 11.55 முதல் 12.30 வரை. அதிகாலை நான்கரை ஆராதனைக்கு முன் சரவெடி கொளுத்துபவனை நீங்களே பிடித்துவிடுங்கள், காவலர் பிடிக்கும் முன்.

எல்லாம் முடிந்த பிறகு?

முடியாது. 31ஆம் தேதி இரவு ஆராதனை இருக்கிறது. அதற்குள் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும், மீதிப் பேருக்குக் காய்ச்சல். 26ஆம் தேதி யாரையும் கூப்பிடாதீர்கள், தூங்கட்டும். ஜனவரி 6க்குள் நட்சத்திரத்தை இறக்குங்கள், இரவல் வாங்கிய டிரம்மைத் திருப்பிக் கொடுங்கள், கணக்கை ஆயரிடம் ஒப்படையுங்கள். வீட்டுப் பட்டியலை எறிந்துவிடாதீர்கள். யார் வீடு மாறினார்கள், எந்த வீட்டில் படி செங்குத்து, எந்த வீட்டில் நாய் என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். அடுத்த செயலர் உங்களைத்தான் கூப்பிடுவார்.

தாத்தா அங்கியைத் துவைத்து, தாடியை எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மடித்து வையுங்கள். நாங்கள் ஓர் ஆண்டு அப்படியே சாக்கில் கட்டி அலமாரியில் போட்டுவிட்டோம். அடுத்த நவம்பரில் பிரித்துப் பார்த்தால் தலையணைக்குள் எலி குட்டி போட்டிருந்தது.